விற்ற மீனைப் பார்க்க வருகிறவள்

விற்ற பொருளைப் பார்க்க வீடு தேடி வருகிற கடைக்காரியை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். போடியில், எங்கள் வீட்டிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிச்சோற்றில் நான் கை வைத்த நேரத்தில். தலையில் மாட்டிய ஹெல்மெட்டோடு விறுவிறுவென்று உள்ளே வந்தாள். "நீங்க சாப்பிடுங்கண்ணே, எந்திரிக்காதீங்க. நான் மீனைத்தான் பாக்க வந்தேன்" என்றாள். நேரே தொட்டிக்கு முன்னால் போய்க் குத்தவைத்தாள். அப்போதும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

ஐந்து நிமிடம் பார்த்திருப்பாள். "அந்த ஆரஞ்சு பயந்து கெடக்கு. மூலைல கொஞ்சம் செடி வைங்க, ஒளிஞ்சுக்கிரும்" என்றாள். "காப்பி குடிச்சிட்டுப் போம்மா" என்று என் மனைவி சொல்லி முடிப்பதற்குள் வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. மனைவி சிரித்தாள். எனக்கு எரிச்சல். காசு கொடுத்து வாங்கியாச்சு, அது என் மீன். இவள் யார் வந்து பார்க்க?

பேரைச் சொல்ல மாட்டேன். அவள் போடியை விட்டுப் போய் நாலைந்து வருசம் ஆகிறது. எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஊரில் அவளைக் கலர்மீன்காரக்கா என்பார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவள், அதனால் எனக்கு அவள் "ஏம்மா"தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் கடை. பத்துப் பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகள், ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் தீனி டப்பாக்கள்தான் உட்கார்ந்திருக்கும். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இட்லியைக்கூட நின்றுகொண்டே தின்பாள். ஒரு கையில் இட்லி, மறுகையில் வலை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நம் தோளுக்கு மேலே எந்தத் தொட்டியையாவது பார்த்துக்கொண்டிருக்கும். எதிரே நிற்கிறவனுக்கும் கால் நிலைகொள்ளாது.

பிறந்து வளர்ந்தது போடிமெட்டுக்கு மேலே ஏதோ ஓர் ஏலத்தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில். பேச்சில் மலையாளம் கலந்து வரும். தீனியைப் பற்றிக் கேட்டால், "கொறச்சு போட்டா மதி" என்பாள். கொஞ்சமாகப் போட்டால் போதுமாம். "நாலு நாளு பட்டினி கெடந்தா மீனு சாகாதுண்ணே. பாசத்துல நாலு வேளை அள்ளிப் போடுங்க, செத்துரும்." போடுகிறது தின்னாமல் கிடந்து அழுகித் தண்ணீர் கெட்டுப் போகும் என்பதற்குத்தான் அத்தனை மிரட்டல்.

அப்போது நான் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தேன். ஏலத்தோட்டக்காரர்கள் ஜீப்பில் இறங்கினால் முதலில் வருவது என் கடைக்குத்தான். மருந்தடிக்காவிட்டால் காயில் சொறி விழுந்துவிடும். சொறி விழுந்த காயை வியாபாரி மூஞ்சியில் விட்டெறிவான். அதனால் என் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை, எனக்கும் மிதப்புக்குக் குறைவில்லை.

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. இளைப்பு உண்டு. மாடி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம் வரும். எப்போதும் பள்ளிக்கூடப் பையில் மூச்சு மருந்துக் குழாய் இருக்கும். நாய்க்குட்டி கேட்டாள், டாக்டர் கூடாது என்றார். பூனை கேட்டாள், அதற்கும் கூடாது. அழுகிற பிள்ளையைப் பார்த்து அவரே, "மீன் வாங்கிக் குடுங்க. அதுக்கு ரோமமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்றார். அப்படித்தான் மகளைக் கூட்டிக்கொண்டு நான் அந்தப் படிக்கட்டுக் கடைக்குப் போனேன்.

போனதும் எந்த மீன் வேண்டும் என்று கேட்பாள் என்றுதானே நினைப்போம்? அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"அண்ணே, மருந்துக்கடையா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"மீனு தர மாட்டேன்."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. போடியில் கடை வைத்திருக்கிற ஒருத்தனிடம், அவன் பிள்ளையை வைத்துக்கொண்டு, கையை மோந்து பார்த்துச் சொல்கிற பேச்சா இது? கத்த வாயெடுத்தேன். அதற்குள் மகள் தன் கையை நீட்டிவிட்டாள். அவள் அதையும் மோந்தாள். "பாப்பா கை சுத்தமா இருக்கு. பாப்பாவுக்குத் தர்றேன். உங்களுக்குத் தரல. நீங்க தண்ணிக்குள்ள விரலை விடக் கூடாது. தோட்டத்துல மருந்தடிச்சிட்டு வந்து கையைக் கழுவிட்டேன்னு தொட்டிக்குள்ள விடுறாங்க. அம்புட்டும் மேல மெதக்குது. மறுநா வந்து நோய்மீனை வித்துட்டேன்னு என்னை ஏசுறாங்க."

ஆனால் அன்றைக்கே மீன் தரவில்லை. தொட்டியை வாங்கி, குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றி, மோட்டாரை ஓட விட்டு, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னாள். வெறும் தண்ணீரையா மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருப்பது என்று கேட்டேன். "தண்ணி பழகணும்ணே" என்றாள். எங்கள் வீட்டு ஹாலில் மூன்று வாரம் வெறும் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் "மீனு எங்கப்பா?" என்று கேட்பார்கள். மனைவி, "உள்ள தூங்குது" என்பாள்.

மூன்று வாரம் கழித்துப் போனால் அடுத்த பஞ்சாயத்து. மகள் கடையில் இருக்கிற எல்லாவற்றையும் கை காட்டினாள். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற ஜோசியர்கூடக் கடைக்காரி அளவுக்குக் குறை சொல்ல மாட்டார். கோல்டுஃபிஷ் இந்தத் தொட்டிக்கு ஆகாது, உங்க கை முட்டி அளவு வளரும், தண்ணியை நாறடிக்கும். ஏஞ்சல் இன்னைக்கு அழகா நிக்கும், வளந்ததும் வாய்க்குள்ள போற மீனையெல்லாம் முழுங்கிரும். வரி போட்ட டைகர் பார்ப் இருக்கே, அது ரவுடி, நீள வாலைக் கண்டா கடிச்சு இழுக்கும், கப்பியோட சேக்கவே சேக்காதீங்க. கடைசியில் ஆறு பிளாட்டி, மூன்று மோலி. "இதுக ஒண்ணையொண்ணு அண்டிப் பொழைக்கும்" என்றாள். பையைப் பிரித்து அப்படியே கொட்டிவிடாமல், கட்டிய பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட்டு, அப்புறம் இறக்கிவிடச் சொல்லி மகளிடம் மூன்று தடவை ஒப்பிக்கச் சொன்னாள்.

அதோடு விட்டாளா? அதுதான் இல்லை. கறிச்சோற்றுச் சமாச்சாரம் அடுத்த ஞாயிறு நடந்தது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, ஊர் முழுக்க அவளுக்கு இதே சோலி. பேங்க் அதிகாரி ஒருத்தர் வீட்டில் ஏஞ்சலையும் நியான் மீன்களையும் சேர்த்து வைத்திருந்தார்கள். நியான் நாளுக்கொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. அந்த வீட்டம்மா வேலைக்காரியைச் சந்தேகப்பட்டுவிட்டார்! இவள் போய், ஏஞ்சலின் வயிற்றைக் காட்டி, அந்த ஏஞ்சலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கரண்டு போனால் போதும், மீன் வாங்கிய வீடுகளுக்கெல்லாம் போன். "மோட்டரு நின்னுருச்சா? ஒரு டம்ளரைக் கொண்டாங்க, தண்ணியை மோந்து மோந்து ஒசரத்துலருந்து ஊத்துங்க, வெரசா!" நானே ஒரு தடவை கடையில் வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு, டம்ளரால் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். என்னத்தச் சொல்ல!

சடங்கு வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். ஊரில் வசதியான ஒருத்தர் மகளுக்குச் சடங்கு வைத்தார். தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு மீன், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுக்க ஆசைப்பட்டார். அறுபது மீன் வேண்டும். அறுபது மீன் என்றால் அந்தப் படிக்கட்டுக் கடைக்கு ஒரு மாத வியாபாரம். நான் அப்போது அங்கேதான் தீனி வாங்க நின்றேன்.

"தர முடியாதுண்ணே" என்றாள்.

"ஏத்தா, காசுதான தர்றேன்?"

"வாங்கிட்டுப் போறவங்க அறுபது வீடும் எனக்குத் தெரியணும்ல? பாதி டப்பா பஸ்சுலயே கெடக்கும்."

"வித்ததுக்கப்புறம் ஒனக்கு என்ன வந்துச்சு?"

"வித்துட்டா போச்சாண்ணே?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாத மாதிரிதான் கேட்டாள். அவர் வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டுப் போனார். நானும் மனசுக்குள், இவளுக்குப் பொழைக்கத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். விற்ற மருந்து எந்தக் கையில் போகிறது, யார் மூக்கில் ஏறுகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசித்தால் கடை நடத்த முடியுமா?

மழை விட்டதும் மலையில் மருந்தடிப்பு மும்முரம் ஆகும். கடையில் சரக்கு கொள்ளாது. மிச்சப் பெட்டிகளை வீட்டில் ஹாலுக்குப் பக்கத்து அறையில் அடுக்குவேன், வருசா வருசம் அப்படித்தான். அந்த வருசம் புதிதாக ஒரு வேலை செய்தேன். மீன்தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டார் கொர்ர் என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது; டிவி பார்க்க முடியவில்லை என்று மனைவி புலம்பினாள். நான் சுவரில் ஒரு ஓட்டை போட்டேன். மோட்டாரைப் பெட்டி அறை அலமாரியில் வைத்து, காற்றுக் குழாயை ஓட்டை வழியாகத் தொட்டிக்குக் கொண்டுவந்தேன். சத்தமே இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் இரண்டு பிளாட்டி செத்தது. அடுத்து ஒரு மோலி. மிச்சம் இருந்ததெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றது. மகள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள், அழுது அழுது இளைப்பும் வந்துவிட்டது. நான் நேரே கடைக்குப் போய், நாலு பேர் முன்னால், "என்னம்மா, நோய்மீனைத் தலைல கட்டிட்டியா?" என்று கத்தினேன். அவள் கடையைப் பாதி சாத்திவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் என் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் போகும்போது விசாரணை நடந்துகொண்டிருந்தது. கொசுவர்த்தி வைத்தீர்களா? இல்லை. தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா? இல்லை. தண்ணீரை ஒட்டுமொத்தமாக மாற்றினீர்களா? இல்லை, நீ சொன்ன மாதிரி கால்வாசிதான். என்னைப் பார்த்து, "கையை விட்டீங்களாண்ணே?" என்றாள். பிள்ளை மேல் சத்தியம் பண்ணினேன். அவள் காற்றுக் குழாயில் விரலை வைத்தாள். தொட்டியிலிருந்து சுவர் வரைக்கும் விரல் போனது. ஓட்டையைப் பார்த்தாள். பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே விட்டம் வரைக்கும் பெட்டி. அடியில் ஒரு கேன் கசிந்து அட்டை ஊறிக்கிடந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.

"அண்ணே, இந்த மோட்டரு எங்கருந்து காத்தை இழுக்குது?"

"ரூமுக்குள்ளருந்துதான். வேற எங்கருந்து?"

"அதைத்தான் தண்ணிக்குள்ள விடுது."

அட, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு. "சரி விடு, மோட்டரை மறுபடி ஹால்ல வச்சுர்றேன்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். மீனைத் தவிர எதையும் இரண்டு நொடிக்கு மேல் பார்க்காதவள்.

"பாப்பா எங்க தூங்குது?"

மனைவி பெட்டி அறையின் அந்தப் பக்கத்துக் கதவைக் காட்டினாள். இரண்டு அறைக்கும் நடுவே மேலே காற்றுப் போக ஒரு திறப்பு, கதவு கிடையாது.

"மீனுக்கு மோட்டரை நகட்டிரலாம். பாப்பாவுக்கு எதை நகட்டுவீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் ஆம்பளை என்ன செய்வான்? கத்துவான். "நீ மீனு விக்கிறவளா, டாக்டரா? வந்த சோலியப் பாத்துட்டுப் போ!" என்று கத்தினேன். அவள் போய்விட்டாள். மனைவி மகளின் பாயை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் விரித்தாள். நான் ஹாலில் உட்கார்ந்து முதல் தடவையாக என் கையை மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சட்டையை மோந்தேன், தலையணையை மோந்தேன். கடைசியில் கசிந்த அந்த அட்டையையே மூக்குக்கு நேரே பிடித்தேன். அதிலும் லேசாகத்தான் ஏதோ தெரிந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. என் மூக்கு எப்போது செத்ததோ, எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் சரக்கை எடுத்துவிட்டேன். பக்கத்து ஊர் சிலமலையில் ஒரு வரிசை வீடு. மூன்று அறை, மூன்று வாசல், நடுவில் மெல்லிய சுவர். ஓரத்து அறை காலியாக இருந்தது, வாடகைக்குப் பிடித்து அடுக்கிப் பூட்டினேன். வீட்டு அறையை வெள்ளையடித்தோம். இரண்டு மாதத்தில் மகளுக்கு இளைப்பு பாதியாகக் குறைந்தது. சுத்தமாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மாடி ஏறினாள், ஏறி நின்று மேலிருந்து என்னைக் கூப்பிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தொட்டியிலும் பிளாட்டி குட்டி போட்டிருந்தது.

கத்தினதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாமா? மிக்சர் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாடி ஏறியதைச் சொன்னபோது அவள் முகம் அப்படியே மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடேயே கேட்டாள்:

"சரக்கை எங்க வச்சீங்க?"

"கடை மாடில."

"மாடி ஏதுண்ணே உங்களுக்கு?"

"இப்பத்தான் எடுத்தேன்."

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. வலையை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டாள். தப்பித்தேன் என்றுதான் வெளியே வந்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. ரோட்டில் ஹெல்மெட் போட்ட பொம்பளை யார் போனாலும் அவள்தானோ என்று எட்டிப் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து, போடிமெட்டுத் தோட்டம் ஒன்றுக்கு லோடு ஏற்ற, காலை எட்டு மணிக்கு ஜீப்பைக் கூட்டிக்கொண்டு சிலமலைக்குப் போனேன். ஓட்டி வந்தவன் எனக்கு மாப்பிள்ளை முறை. என் அறையை ஒட்டின வாசலில் ஒரு இளம்பெண் நின்றாள். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறவள். உள்ளே சேலைத் தொட்டிலில் கைக்குழந்தை. அந்தத் தொட்டிலுக்குப் பக்கத்தில், எங்கள் இரண்டு அறைக்கும் நடுவே இருக்கிற சுவரில் சாய்த்தாற்போல், பெரிய கண்ணாடி ஜாடி. அதில் ஒரு நீல நிற ஃபைட்டர் மீன்.

"ஏதும்மா இது?"

"போடில கலர்மீனு கடை வச்சிருக்காகள்ல, அந்தக்கா கொண்டாந்து குடுத்துச்சுண்ணே. காசு வாங்கல."

"எதுக்காம்?"

"தெரியல. காலைல எந்திரிச்சதும் மொத சோலியா இதைப் பாருன்னுச்சு. மத்த மீனு மாதிரி இல்லையாம், இது மேல வந்து நம்மளாட்டம் காத்துக் குடிக்குமாம். என்னைக்காச்சும் இது சொணங்கிக் கெடந்தா, ஒண்ணையும் யோசிக்காம பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருன்னுச்சு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மீனு செத்தா வீட்டுக்கு ஆகாது போலண்ணே. எம் மாமியா வெளக்கேத்திக் கும்பிடுது."

அறுபது மீன் கேட்டவருக்கு ஒன்று கொடுக்காதவள். சாகும் என்று தெரிந்தால் பேங்க் அதிகாரி வீட்டுத் தொட்டியிலிருந்தே எடுத்து வந்தவள். என் சரக்குக்குப் பக்கத்தில் ஒரு மீனைக் கொண்டுவந்து வைக்க அவள் கை எப்படி வந்ததோ. என் பொய்யை நம்பாமல், சரக்கு எங்கே போனதென்று விசாரித்து வந்திருக்கிறாள். சாவியைப் போட்டு அறையைத் திறந்தேன்.

"எத்தனை பெட்டி மாமா?" என்று ஜீப்பிலிருந்து மாப்பிள்ளை கேட்டான்.

"எல்லாத்தையும் ஏத்து."

"எல்லாத்தையுமா? தோட்டத்துக்குப் பத்துதான கேட்டாக?"

"ஒண்ணு விடாம ஏத்து மாப்ளே."

இரண்டு பேருமாக ஏற்றினோம். பெட்டிக்கு மேல் பெட்டி வைத்துக் கயிறு போட்டு இறுக்கினோம். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினான்.

"எங்க மாமா எறக்குறது?"

"ஆளு இல்லாத எடமாப் பாத்து ஓட்டு."

அவன் ஓட்டினான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வீடு வந்துகொண்டே இருந்தது. வாசலில் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தார்கள், பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். வீடு முடிந்து வயல் வந்தால், வயலுக்குள் பொம்பளைகள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள்.

"மாமா, எங்கன்னு சொல்லுங்க" என்றான்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.